வகுப்பறைக்கு வெளியே ஒரு பாடவேளை: பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகள்

நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியை. வாரத்தில் சில பாடவேளைகள் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போய்ப் பாடம் நடத்துவது எங்கள் பள்ளியில் வழக்கம். அதைப் பார்த்துப் பெற்றோர் கேட்ட கேள்விகளும், பயிற்சிகளில் சந்திக்கும் பிற பள்ளி ஆசிரியர்கள் கேட்ட கேள்விகளும் இங்கே கலந்து இருக்கின்றன. உங்களுக்கு வேண்டியதை மட்டும் படித்துக்கொள்ளலாம்.

வெளியே கற்றல் என்றால் விளையாட்டுப் பாடவேளையா?

இல்லை. விளையாட்டு தனியாக வேண்டும், அந்த நேரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. நான் சொல்வது தமிழ், கணக்கு, சூழ்நிலையியல், அறிவியல் பாடங்களையே வெளியே வைத்து நடத்துவது. அன்றைய பாடத்துக்கு வேண்டிய பொருள் வெளியே இருந்தால் வெளியே போகிறோம். புத்தகத்தில் இருந்தால் உள்ளேயே உட்காருகிறோம்.

கிளம்பும் முன் கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வி எழுதுவேன். “நம் வேப்பமரத்தின் சுற்றளவு எவ்வளவு?”, “மதிலோரம் எத்தனை விதமான செடி இருக்கிறது?”, “எறும்பு வரிசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?” இப்படி. திரும்பி வரும்போது ஒவ்வொரு பிள்ளையின் நோட்டிலும் அதற்கு ஏதாவது ஒரு பதில் இருக்க வேண்டும். எண்ணாக இருக்கலாம், படமாக இருக்கலாம், தப்பும் தவறுமாக இரண்டு வரியாகவும் இருக்கலாம். கேள்வி இல்லாமல் கிளம்பினால் பத்தே நிமிடத்தில் அது இடைவேளை ஆகிவிடும். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை, என்ன செய்ய வந்தோம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மரத்தடியில் உட்கார வைத்து வழக்கம்போலப் பாடம் நடத்தினால் போதாதா?

காற்றோட்டமாக இருக்கும், அவ்வளவுதான். வகுப்பறையில் வெக்கை தாங்காத நாளில் நானும் அப்படி நடத்துவது உண்டு. ஆனால் மரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு ‘மரத்தின் பாகங்கள்’ வாசிப்பதை வெளியே கற்றல் என்று சொல்ல மாட்டேன்.

இதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்த புது வழக்கம்தானே?

நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதித்தான் எழுத்துப் பழகினார்கள். 1789 முதல் சென்னை எழும்பூரில் ராணுவத்தினரின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் இதைப் பார்த்துவிட்டுத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் முறையையும் சேர்த்துக்கொண்டார். 1796-இல் அவர் திரும்பிப் போன பிறகு இங்கிலாந்தில் அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரிலேயே பரவியது. ஆக, மணலும் திண்ணையும் இங்கிருந்துதான் அங்கே போயின.

அவ்வளவு பின்னால் போகவும் வேண்டாம். கொரோனாவுக்குப் பிறகு, 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ நினைவிருக்கும். தன்னார்வலர்கள் மாலையில் வீட்டு வாசலிலும் மரத்தடியிலும் வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அதை நம் ஊரே பார்த்தது.

இப்படிச் சுற்றிக்கொண்டிருந்தால் பாடம் முடியுமா?

ஆசிரியர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட.

சட்டத்தை முதலில் பார்ப்போம். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம், ஒன்று முதல் ஐந்து வரை உள்ள வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள், 800 மணி நேரக் கற்பித்தல் என்று சொல்கிறது. அந்த நேரம் முழுக்க நான்கு சுவருக்குள்தான் கழிய வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. 2005-இல் வந்த தேசியக் கலைத்திட்டச் சட்டகமோ, பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு அறிவை இணைப்பதைத் தன் அடிப்படைக் கொள்கைகளில் முதலாவதாக வைத்திருக்கிறது. எனவே அனுமதி இருக்கிறதா என்ற பயம் வேண்டாம்.

அடுத்தது நேரம். ஒரு பாடவேளையில் அரை மணி வெளியே, மீதி நேரம் உள்ளே எழுதுவதற்கு. இதில் நேரம் கூடுதலாகப் போவது உண்மை. ‘சென்டிமீட்டர், மீட்டர்’ பாடத்தைக் கரும்பலகையில் ஒரே பாடவேளையில் முடித்துவிடலாம், வெளியே போனால் இரண்டு ஆகும். ஆனால் கரும்பலகையில் முடித்ததைத் தேர்வுக்கு முன் மறுபடி இரண்டு முறை நடத்த வேண்டி வருமே, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தொடக்க வகுப்புகளுக்கான அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றலில் பிள்ளைகளை நிலை பிரித்துத்தான் பார்க்கிறோம். அரும்பு நிலையில் தேங்கி நிற்கும் பிள்ளைக்குப் பாடம் ‘முடிந்துவிட்டது’ என்று பதிவேட்டில் எழுதுவதால் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

எல்லாப் பாடத்தையும் வெளியே இழுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்ய மரம் எதற்கு?

கணக்குக்கும் வெளிக்கும் என்ன சம்பந்தம்?

மற்ற எந்தப் பாடத்தையும்விடக் கணக்குக்குத்தான் வெளி அதிகம் உதவும் என்பது என் கருத்து.

அளத்தல் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழுவுக்கு ஐந்து பேர். எல்லோரும் ஒரே வேப்பமரத்தைச் சாணால் அளக்க வேண்டும். ஒருவன் பதினொன்று என்பான், இன்னொருத்தி பதின்மூன்று என்பாள். சண்டை வரும், வரட்டும். “டீச்சர், அவன் ஏமாத்துறான்” என்று புகார் வரும்போது இருவரையும் கையோடு கை வைத்துப் பார்க்கச் சொல்வேன். ஒரு கை பெரியது, ஒரு கை சிறியது. “அப்போ யார் சொன்னது சரி?” என்று கேட்டால் சற்று நேரம் அமைதி. பிறகு யாராவது ஒரு பிள்ளை, “ஒரே ஆள் கையால அளந்தா சரியா வரும்” என்று சொல்லும். அந்த நேரத்தில் டேப்பைக் கையில் கொடுக்க வேண்டும். உலகத்துக்கெல்லாம் பொதுவான ஒரு சாண் ஏன் தேவைப்பட்டது என்று அந்தப் பிள்ளைக்கு அப்புறம் விளக்க வேண்டியதே இல்லை.

புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் குவித்து எண்ணினால் இடமதிப்பு வந்துவிடும். நொண்டிக் கட்டத்தில் எண்களை எழுதித் தாவ விட்டால் ஒன்றாம் வகுப்புக்குக் கூட்டலும் கழித்தலும். முன்னால் தாவினால் கூட்டல், பின்னால் தாவினால் கழித்தல். சணல் கயிற்றால் ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரம் போட்டு, அதற்குள் எத்தனை பேர் நிற்க முடியும் என்று பார்த்தால் ‘சதுர மீட்டர்’ என்பது காலடியில் தெரியும் பொருளாகிவிடுகிறது. அதே சதுரத்துக்குள் மழைக்குப் பிறகு என்னென்ன செடி முளைத்திருக்கிறது என்று எண்ணினால் படவிளக்கப் பாடத்துக்குத் தேவையான எண்கள் கைக்கு வந்துவிடும்.

நிழல் பாடம் ஒன்று உண்டு, அதை மட்டும் யாரும் தவறவிட வேண்டாம். கொடிக்கம்பத்தின் நிழல் நுனியைக் காலை பத்து மணியிலிருந்து மணிக்கு ஒரு முறை சாக்பீஸால் குறித்து, சாயங்காலம் கோடுகளை அளக்க வேண்டும். ஆண்டில் இரண்டு நாள் நம் ஊர்களில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் கன்னியாகுமரியில் தொடங்கி நான்காவது வாரத்தில் சென்னையை எட்டும். பிறகு ஆகஸ்ட் 18 வாக்கில் சென்னையிலிருந்து திரும்பி மாத முடிவில் தெற்கு முனைக்குப் போகும். ஏப்ரலில் தேர்வு, விடுமுறை என்று போய்விடும், ஆகஸ்ட்தான் நமக்கு வசதி. அன்று பன்னிரண்டேகால் மணியை ஒட்டித் தண்ணீர் பாட்டிலை நிமிர்த்தி வைத்தால் பக்கவாட்டில் நிழலே விழாது, அடியிலேயே ஒடுங்கிவிடும். பிள்ளைகள் தங்கள் நிழலைத் தேடித் தன்னைத்தானே சுற்றிப் பார்ப்பார்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

தமிழ்ப் பாடம்?

ஒன்றாம் வகுப்புக்கு மணல். ‘ழ’ எழுத வராத விரல் சிலேட்டில் தயங்குகிற அளவுக்கு மணலில் தயங்குவதில்லை. தப்பாகப் போனால் உள்ளங்கையால் ஒரு தடவு, அழிந்துவிடும். அடித்தல் திருத்தல் கண்ணில் படுவதே இல்லை.

மூன்றாம் வகுப்புக்கு மேல் சொல் சேகரிப்பு. காய்ந்த இலையை மிதித்தால் வரும் சத்தத்துக்கு ஒரு சொல், மைனா கத்துவதற்கு ஒரு சொல், வேப்பம்பட்டையின் சொரசொரப்புக்கு ஒரு சொல். ‘அழகாக இருந்தது’ என்று மட்டும் எழுதக் கூடாது என்பது எங்கள் வகுப்பு விதி. ஊருக்குள் நடந்தால் மளிகைக் கடை, ரேஷன் கடை, பால் சொசைட்டி, மின்கம்பம் என்று எங்கு பார்த்தாலும் எழுத்து. வாசிக்கத் தடுமாறும் பிள்ளை கடைப் பெயரை மட்டும் எப்படியோ வாசித்துவிடும், ஏனென்றால் அது எந்தக் கடை என்று அதற்கு ஏற்கெனவே தெரியும். அங்கிருந்து எழுத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறலாம்.

அறிவியலில் எதைக் காட்டுவது? எங்கள் பள்ளியில் பெரிதாக ஒன்றும் இல்லையே.

ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கிறதா? போதும்.

இளம் இலையில் பறவை எச்சம் சொட்டியது போலக் கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலான பிள்ளைகள் எச்சம் என்றே நினைத்து விலகிப் போவார்கள். நன்றாகப் பாருங்கள் என்று சொல்லிக் காத்திருந்தால், மெல்ல அது நகரும். எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி போன்ற வண்ணத்துப்பூச்சிகளின் புழு அது. எச்சம் மாதிரி இருந்தால் பறவை தின்னாது, அதற்காகத்தான் அந்த வேடம். சில நாள் கழித்துத் தோலுரித்துப் பச்சையாகிவிடும், இப்போது இலையோடு இலையாக மறைந்துகொள்ளும். மெதுவாகத் தொட்டால் தலைக்குப் பின்னால் இரண்டு கொம்பை நீட்டி ஒரு நாற்றம் விடும். அந்தக் கொம்பைப் பார்த்த பிள்ளை வீட்டுக்குப் போய் அம்மாவை இழுத்துவந்து காட்டும். பிறகு கூட்டுப்புழு, அதன் பிறகு ஒரு நாள் காலையில் கூடு மட்டும் காலியாகக் கிடக்கும்.

புத்தகத்தில் இது நான்கு படமும் நான்கு அம்புக்குறியுமாக ஒரே பக்கத்தில் முடிந்துவிடுகிறது. செடியில் பார்த்தால் வாரக்கணக்கில் நடக்கிறது, நடுவே சில புழுக்கள் காணாமல் போகின்றன, சிலவற்றை எறும்பு இழுத்துப் போகிறது. வாழ்க்கைச் சுழற்சி என்பது எல்லோருக்கும் முழுதாகச் சுற்றி முடிவதில்லை என்பதைப் பிள்ளைகள் அங்கேதான் தெரிந்துகொள்கிறார்கள். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “அப்போ ஏன் டீச்சர் இவ்ளோ முட்டை போடுது?” என்று கேட்டு, பதிலை அவளே சொல்லிவிட்டாள்.

இதே காரணத்துக்காகத்தான் பக்கத்துப் பூங்காவுக்கு ஆண்டுக்கு ஒரு சுற்றுலா போவதைவிட, பள்ளியில் நிற்கும் ஒரே மரத்தை ஆண்டு முழுக்கப் பார்ப்பது மேல் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். சுற்றுலாவில் எல்லாமே புதிது என்பதால் எதையும் உற்றுப் பார்க்க முடியாது. வேப்பமரத்தை ஜூனில் பாருங்கள்: பள்ளி திறக்கும்போது பழம் உதிர்ந்துகொண்டிருக்கும், காகமும் மைனாவும் கொண்டாடும். அப்போதே விதையை ஊன்றிவிட வேண்டும், வேப்பங்கொட்டையை எடுத்து வைத்துப் பிறகு நடலாம் என்றால் சில வாரங்களில் முளைப்புத் திறன் போய்விடும். மாசி, பங்குனியில் இலை கொட்டிக் கொழுந்து விடும், பூ வரும், தேனீ வரும். ஒரே மரம்தான். மாதத்துக்கு ஒரு நாள் அதே இடத்தில் நின்று வரைந்தால் ஆண்டு முடிவில் நோட்டைப் புரட்டும்போதே பருவம் புரளும்.

விதை பரவலுக்கு நம் மதிலோரக் களைகளே போதும். நாயுருவி பாவாடையில் ஒட்டிக்கொண்டு வரும், எருக்கம்பஞ்சு பறக்கும், நெருஞ்சி காலில் ஏறும். இன்னொரு பொருள் தேவையே இல்லை.

பறவை பார்க்கக் கருவியெல்லாம் வேண்டுமா? எங்களுக்குப் பறவை பெயரே தெரியாது.

வேண்டாம். காகம், மைனா, தவிட்டுக்குருவி, கரிச்சான், செம்போத்து, மாடப்புறா, கிளி. இந்த ஏழும் தெரிந்தால் பெரும்பாலான பள்ளி வளாகத்துக்குப் போதும், பாதிப் பெயர் பிள்ளைகளுக்கே தெரியும். பிப்ரவரி நடுவில் உலகம் முழுக்க நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஒரே இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி ‘ஈபேர்டு’ தளத்தில் பதிய வேண்டும், அவ்வளவே. அதே நாட்களில் கல்வி வளாகங்களுக்கென்றும் தனியாக நடத்துகிறார்கள். ஜனவரியில் தமிழ்நாட்டுக்கென்றே பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இருக்கிறது. அது விடுமுறையில் வருவதால் வீட்டு வாசலில் நின்று எண்ணச் சொல்லி அனுப்பலாம். தெரியாத பறவையைத் ‘தெரியாது’ என்றே எழுத வைக்க வேண்டும். ஊகித்து எழுதக் கூடாது என்பது இதில் கிடைக்கும் நல்ல பழக்கம்.

வெயிலில் பிள்ளையை நிற்க வைக்கிறீர்களே?

நிழலில்தான் வைக்கிறோம். காலை பத்தரைக்குள், இல்லாவிட்டால் மூன்றரைக்கு மேல். நடுவில் போவது மேலே சொன்ன நிழல் அளவைக்கு மட்டும், அதுவும் ஐந்து நிமிட வேலை. எல்லோரும் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், தொப்பி இருந்தால் நல்லது, துண்டு இருந்தாலும் போதும். காலை உணவு சாப்பிடாத பிள்ளை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்கிறேன். மயக்கம் போட்டு விழுவது பெரும்பாலும் வெறும் வயிற்றால்தான். ஜூனில் கத்திரி வெயில் மாதிரியே கொளுத்தும் நாட்களில் வெளியே போவதே இல்லை.

வெளிச்சத்தைப் பற்றி இன்னொரு பக்கமும் பெற்றோருக்குத் தெரிய வேண்டும். சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் மூன்று ஆண்டுகள் ஓர் ஆய்வு நடந்து 2015-இல் வெளியானது. பாதிப் பள்ளிகளின் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை மட்டும் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே இருக்க வைத்தார்கள். மூன்று ஆண்டு முடிவில் அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது, வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 39.5 சதவீதம். ஏற்கெனவே கண்ணாடி போட்ட பிள்ளைக்கு இது மருந்து ஆகாது. ஆனால் செல்போனைக் கையில் கொடுத்து உட்கார வைக்கும் இந்தக் காலத்தில், மரநிழலிலும்கூட வகுப்பறையைவிடப் பல மடங்கு வெளிச்சம் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மழை வந்தால்?

தூறல் என்றால் தாழ்வாரத்தில் நின்று ஓட்டிலிருந்து விழும் நீரை டப்பாவில் பிடித்து அளக்கலாம். இடிச் சத்தம் கேட்டால் அந்த நொடியே உள்ளே, கடைசி இடி கேட்டு அரை மணி ஆகும்வரை வெளியே வரக் கூடாது. மரத்தடியில் ஒதுங்கவே கூடாது. இதைப் பிள்ளைகள் வீட்டிலும் சொல்வார்கள், ஆடு மேய்க்கும் குடும்பங்களுக்கு இது உயிர்ச் செய்தி.

பாம்பு, பூச்சி, விஷச்செடி… பயமாக இருக்கிறது.

பயம் சரியானதுதான், அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதல் வேலை ஆசிரியருடையது. பிள்ளைகளை அழைத்துப் போகும் முன் அந்த இடத்தை ஒரு முறை தனியாக நடந்து பார்த்துவிட வேண்டும். மேலே பாருங்கள்: காய்ந்த கிளை, குளவிக்கூடு, தேன்கூடு. தென்னைக்கு அடியில் உட்காரவே வேண்டாம். கீழே பாருங்கள்: உடைந்த பாட்டில், மூடாத குழி, அறுந்த மின்கம்பி, செங்கல் குவியல், விறகுக் கட்டு. பாம்பு இருக்கும் இடம் புல்வெளியைவிட இந்தக் குவியல்கள்தாம். மழைக்குப் பிறகு முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி அடையடையாக இருக்கும், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

செடிகளில் பிள்ளைகளுக்குக் காட்டி, பெயர் சொல்லி, எச்சரிக்க வேண்டியவை: அரளி (எந்த நிறமானாலும்), ஊமத்தை, காட்டாமணக்கு, ஆமணக்கு விதை, குன்றிமணி. காட்டாமணக்கு விதை கடலைப் பருப்பு மாதிரி ருசிக்கும் என்பதால் பிள்ளைகள் கூட்டமாகத் தின்றுவிட்டு வாந்தியோடு மருத்துவமனைக்குப் போவது நம் ஊர்களில் அடிக்கடி நடக்கிறது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழியையே பாதிக்கும். செந்தட்டியும் பூனைக்காலியும் அரிப்பு. பார்த்தீனியம் சிலருக்கு ஒவ்வாது. இவற்றை வெட்டி எறிந்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கலாம். வளாகத்தில் வெட்டிவிடலாம், பிள்ளை வீட்டுக்குப் போகும் வழியில் வெட்ட முடியுமா? அடையாளம் தெரிந்த பிள்ளைதான் பத்திரமான பிள்ளை. “டீச்சர் சொல்லாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது” என்பது எங்கள் ஒரே மாறாத விதி.

எதையாவது தின்றுவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயல வேண்டாம். தின்ற காயையோ இலையையோ கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். கண்ணில் பால் பட்டால் சுத்தமான தண்ணீரால் விடாமல் கழுவிக்கொண்டே கிளம்புங்கள். பாம்புக்கடி என்றால் 108, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்தல், நேராக அரசு மருத்துவமனை. இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. மந்திரிக்கக் கூட்டிப்போய் நேரத்தைக் கடத்தவும் கூடாது.

இவ்வளவும் சொன்ன பிறகு இதையும் சொல்கிறேன்: எங்கள் பள்ளியில் வெளியே பாடம் நடக்கும்போது பட்ட காயங்களெல்லாம் முழங்கால் சிராய்ப்பும் முள் குத்தலும்தான். இடைவேளையில் படுவது இதைவிட அதிகம்.

நாற்பது பிள்ளைகள், ஓர் ஆசிரியர். எப்படிச் சமாளிப்பது?

முதல் சில முறை கூச்சலாகத்தான் இருக்கும். வெளியே விட்டதே அதிசயம் என்று ஓடுவார்கள். அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள், பழகினால் அடங்கிவிடும். முதல் நாள் பத்து நிமிடம் போதும், தாழ்வாரத்தைத் தாண்டவும் வேண்டாம்.

சுண்ணாம்புக் கோடு அல்லது கயிறு போட்டு எல்லை காட்டுங்கள். ஐந்து பேருக்கு ஒரு குழு, குழுவில் எல்லோருக்கும் ஒரு வேலை: ஒருவர் அளக்க, ஒருவர் எழுத, ஒருவர் கயிறு பிடிக்க. வேலை இல்லாத பிள்ளைதான் கல்லெறியும். கூப்பிடுவதற்குக் கத்த வேண்டாம். நான் ஒரு தாளத்தில் கை தட்டுவேன், அவர்கள் அதே தாளத்தில் திருப்பித் தட்டிக்கொண்டே வந்து சேர வேண்டும். ஈராசிரியர் பள்ளியில் ஒன்று முதல் மூன்று வகுப்பும் ஒன்றாகத்தான் இருக்கும். அங்கே நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் குழுத் தலைவர்களாகப் போடலாம். வகுப்பறையில் வாய் திறக்காத சில பிள்ளைகள் வெளியே தலைமை ஏற்பதைப் பார்ப்பீர்கள். ஆடு மாடோடு வளரும் பிள்ளைக்குத் தெரிந்த செடிப் பெயர்கள் எனக்கே தெரியாது.

நடக்க முடியாத பிள்ளை, பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளை இருந்தால்?

அந்தப் பிள்ளை வரக்கூடிய இடத்தில்தான் வகுப்பே நடக்க வேண்டும். சக்கர நாற்காலி போகாத மூலைக்கு மற்றவர்களைக் கூட்டிப் போய்விட்டு, இந்தப் பிள்ளையை வாசலில் உட்கார வைத்து ‘வேடிக்கை பார்’ என்பது கொடுமை. பட்டையைத் தடவுவது, இலையைக் கசக்கி முகர்வது, கண்ணை மூடிச் சத்தம் எண்ணுவது போன்ற வேலைகளைச் சேர்த்துவிட்டால் பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைதான் குழுவுக்கே வழிகாட்டும். துளசி, வேம்பு, நொச்சி, எலுமிச்சை நான்கையும் முகர்ந்தே பிரித்துவிடுவார்கள்.

எங்கள் பள்ளி நகரத்தில் இருக்கிறது. மரமும் இல்லை, மண்ணும் இல்லை.

மதில் விரிசலில் முளைத்த அரசங்கன்று இருக்கும், மொட்டை மாடியில் வானம் இருக்கும், சத்துணவு நேரத்துக்குச் சரியாக வந்து மதிலில் உட்காரும் காகங்கள் இருக்கும். மணி அடிக்கும் முன்பே அவை எப்படி வருகின்றன என்று ஒரு வாரம் நேரம் குறித்துப் பார்க்கச் சொல்லுங்கள், நல்ல ஆய்வு அது. தொட்டியில் கறிவேப்பிலை வையுங்கள், வண்ணத்துப்பூச்சி தேடிக்கொண்டு வரும்.

ஓரடி மண் இருந்தாலும் பூவரசம் போத்து ஒன்றை நட்டுவிடுங்கள். தழைத்துவிட்டால் நிழலும் கிடைக்கும், இலையைச் சுருட்டிப் பீப்பியும் ஊதலாம்.

வாசலைத் தாண்டி ஊருக்குள் போகலாமா?

தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோரின் எழுத்துச் சம்மதம், கூடவே இரண்டு பெரியவர்கள். இந்த மூன்றும் இல்லாமல் போக வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஆண்டுத் தொடக்கத்திலேயே பேசித் தீர்மானமாக எழுதிவிட்டால் ஒவ்வொரு முறையும் அலைய வேண்டியதில்லை. குளம், கிணறு, கல்குவாரி, ரயில் பாதை பக்கம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகவே வேண்டாம் என்பேன். எத்தனை பெரியவர்கள் வந்தாலும் சரி.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

வளரறி மதிப்பீட்டில், அதாவது பாடம் நடக்கும்போதே செய்யும் தொடர் மதிப்பீட்டில், செயல்பாடுகளுக்கு இடம் இருக்கிறது. வெளியே செய்ததை அங்கே பதியலாம். பாடக்குறிப்பில் கேள்வியையும் அது எந்தக் கற்றல் விளைவுக்கானது என்பதையும் ஒரு வரி எழுதி வைத்தால், பார்வையிட வரும் அலுவலர் கேட்டாலும் காட்டலாம். நான் படம் அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. இலையின் நரம்பை எண்ணி வரைந்திருக்கிறதா, ஐந்து இதழ் பூவுக்கு ஐந்து இதழ் போட்டிருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

“மண்ணில் விளையாடவா பள்ளிக்கு அனுப்பினேன்?”

இதை ஓர் அப்பா பள்ளி வாசலில் நின்று கேட்டார். அவர் கூலி வேலைக்குப் போகிறவர். தன் பிள்ளை மண்ணைவிட்டு மேலே போக வேண்டும் என்பதற்காகத்தான் படிக்க வைக்கிறார். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். அவருக்கு விளக்கம் சொல்வதைவிடப் பிள்ளையின் நோட்டைக் காட்டுவது நல்லது என்று பட்டது. மரத்தை அளந்த கணக்கு, புழுவைப் பற்றிப் பிள்ளையே எழுதிய ஏழெட்டு வரி, எதிரே தேதி. புத்தகத்தைப் பார்த்து எழுதியது என்ன, பார்த்ததை எழுதியது என்ன என்று பெற்றோருக்கு வாசித்தாலே தெரிந்துவிடும். ஆங்கிலவழிப் பள்ளிக்கு மாற்றலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்கும் இதையே சொல்கிறேன்: எந்தப் பள்ளியானாலும் பிள்ளையின் நோட்டில் அதன் சொந்த வாக்கியம் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

என்னென்ன வாங்க வேண்டும்? நாங்கள் எப்படி உதவலாம்?

பெரிதாக ஒன்றும் இல்லை. ஆளுக்கு ஒரு பரீட்சை அட்டை, உட்காரச் சாக்குப்பை, சணல் கயிறு, ஒரு டேப், முடிந்தால் இரண்டு பூதக்கண்ணாடி, முதலுதவிப் பெட்டி. வெளிப் பாடம் இருக்கும் நாளில் காலில் செருப்போடு, அழுக்கானாலும் பரவாயில்லை என்ற உடையில் அனுப்புங்கள். பிள்ளைக்கு ஆஸ்துமா, தேனீக்கடி ஒவ்வாமை, வலிப்பு எதுவும் இருந்தால் மறைக்காமல் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள், யாரும் பிள்ளையை ஒதுக்கிவிட மாட்டோம்.

பணம் கொடுப்பதைவிட ஒரு மணி நேரம் வந்து நில்லுங்கள் என்பதுதான் நாங்கள் வழக்கமாகக் கேட்பது. நெல் விதைக்கும் தாத்தா, கீரைக்கட்டு விற்கும் பாட்டி, கொத்தனார் வேலை பார்க்கும் அப்பா. மூலைமட்டமும் தூக்குக்குண்டும் எப்படி வேலை செய்கின்றன என்று ஒரு கொத்தனார் எங்கள் மதிலில் வைத்துக் காட்டினார். செங்கோணம் என்றால் என்ன என்று அந்த வகுப்பில் இன்று யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். வருகிறவர்கள் தலைமையாசிரியரிடம் முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதற்கேற்ற பாடத்தை எடுத்து வைத்திருப்போம்.